கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!



ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாத எங்கள் அய்யம்பாளையத்துப் பாட்டிமாருக்கும் தெரிந்த ஓர் ஆங்கில வினைச்சொல் 'அட்ஜஸ்ட்'. பின்னால் நம்ம 'பண்ணு'வை ஒட்டவைத்தால் போதும், எந்த ஆங்கில வினையும் தமிழ்நாட்டுப் பிரஜையாகிவிடும்!

வத்தலக்குண்டு பஸ்ஸில் 'அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்றால் தள்ளி உட்காருங்கள். மாசக் கடைசியில் 'நூறு ரூபா அட்ஜஸ்ட் பண்ணுடா' என்றால் கைமாற்றுக் கொடு. தேங்காய் வியாபாரி சொன்னால் விலையைக் குறை. கல்யாணமாகிப் போன அக்காவிடம் 'அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா' என்றால்? வாயை மூடிக்கொள்!

தமிழில் 'விட்டுக்கொடு' என்று சொன்னால், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பது வெளிச்சமாகிவிடும். 'அட்ஜஸ்ட்' அதை நைசாக மறைத்துவிடுகிறது. அதனால்தான் கேட்பவருக்குக் கூச்சமில்லை, கொடுப்பவருக்குக் கணக்கில்லை.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் இந்தச் சொல்லுக்கு மரியாதையே வேறு. ஃபோர் ஜா சக்கில் ஜாப்பை மாட்டி, டயல் கேஜ் முள் ஆடாமல் நிற்கிறவரை அட்ஜஸ்ட் பண்ணுகிறோம். ஒரு ஜாவைத் தளர்த்தினால் எதிர் ஜாவை இறுக்கியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் ஜாப் சென்டருக்கு வருமா? டேப்பெட்டுக்கும் அப்படித்தான். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளக்காமல் 'சுமாரா இருக்கட்டும்' என்று விட்டால், ஒன்று சத்தம் போடும், இல்லையென்றால் வால்வு சரியாக மூடாமல் கருகும். ஆக, அட்ஜஸ்ட் என்றால் இரண்டு பக்கமும் அசைய வேண்டும். அதற்கு ஓர் அளவும் வேண்டும்.

நாளை நாம் அப்ரண்டிஸாகப் போகிறோம். 'கார்டு கழண்டிருக்கு, இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டு' என்று யாராவது சொல்லலாம். மெஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு கட்டாயம் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் எழுதி வைத்தது. போன விரலை எந்த ஸ்க்ரூவைத் திருகி அட்ஜஸ்ட் பண்ணுவது?

ஆகவே தோழர்களே, இனி யாராவது அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு? எதுவரைக்கும்? உங்க பக்கம் எவ்வளவு?

பஸ்ஸில் வயசானவருக்குத் தாராளமாக இடம் விடுவோம். அது நம்ம பண்பு. உயிரையும் உரிமையையும் கேட்டால் மட்டும், 'ஸாரி அண்ணே, இதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது' என்று சொல்லப் பழகுவோம்!

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்