மனச்சோர்வு அன்று, பணிச்சோர்வு

‘பர்ன் அவுட்’ என்பதை ‘மனச்சோர்வு’ என்று தமிழாக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். மனச்சோர்வு ஒரு நோய், அதற்குரியவர் நோயாளி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற ஐசிடி-11 வகைப்பாடோ பர்ன் அவுட்டை நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தில் விளையும் நிகழ்வாகவே வரையறுக்கிறது. ஆற்றல் வற்றுதல், பணியின்மீது கசப்பும் விலகலும், தன் தொழில்திறன் குன்றிவிட்டதென்னும் உணர்வு ஆகியன அதன் மூன்று கூறுகள். ‘பணிச்சோர்வு’ என்றால்தான் பொறுப்பு மருத்துவரிடமிருந்து பணியிடத்துக்கு நகரும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களின் பணிச்சோர்வுக்குத் தொடர்கல்வியே தீர்வு என்கிறார்கள். எத்தகைய கல்வி? 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் 5 ஆண்டுகளுக்கு 30 மணிநேரத் தொடர்கல்வியைச் சொல்கின்றன. அஃதாவது, மாதத்துக்கு அரை மணி. அதுவும் பெரும்பாலும் நகரத்து அரங்குகளில், சிறப்பு மருத்துவர் பேச, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை இழந்து கேட்பதாக அமைகிறது. ஓய்வைப் பறித்துச் சோர்வைத் தணிக்க இயலாது.

கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக்கி, புறநோயாளர் பிரிவை மாலைவரை நீட்டித்தது. கூலியை இழக்காமல் மருத்துவரைக் காண ஏங்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது நல்ல ஏற்பாடு. ஆயினும், கூடுதல் நேரத்துக்கேற்ற மருத்துவர்கள் இல்லையென்று 2018 ஏப்ரலில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆளில்லாத இடத்தில் கல்வி எதைச் சாதிக்கும் என்ற வினா நியாயமானதே. முதற்கூறான ஆற்றல் வறட்சிக்கு ஆட்களே மருந்து. கல்வி அதற்கு ஈடாகாது. ஆனால், கசப்பையும் திறனின்மை உணர்வையும் ஆள் எண்ணிக்கை மட்டும் போக்கிவிடாது. கல்வியின் களம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்வோர் தமிழர். மருத்துவரோ பெரும்பாலும் மலையாளத்தில் வளர்ந்து ஆங்கிலத்தில் பயின்றவர். ‘நெஞ்சு கரிக்குது’ என்பதும் ‘நெஞ்சு அடைக்குது’ என்பதும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் வயிற்று அமிலத்தின் வேலை. பின்னது இதயத்தை நினைக்க வைக்க வேண்டியது. இவ்வேறுபாடு பிடிபடாதபோது நோயாளிக்கு ஆபத்து. ‘நான் சரியாகத்தான் பார்த்தேனா’ என்னும் ஐயம் மருத்துவருக்கு. அந்த ஐயம் நாள்தோறும் படிந்தால் அதுவே மூன்றாம் கூறு. சிறுபான்மைத் தமிழர் அரசுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. தமிழில் வலியைச் சொல்லவும் இடம் வேண்டாவா? தொடர்கல்விப் பாடத்தில் நோயாளியின் மொழியைச் சேர்ப்பது சலுகையன்று, நோயறிதலின் பகுதி.

முன்மாதிரிகள் உண்டு. 1950களில் இலண்டனில் மைக்கேல் பாலிண்ட், பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக அமர்த்தித் தத்தம் நோயாளிகளைப் பற்றியே பேசவைத்தார். அங்கே பாடநூல் நோயன்று, தன்னை வாட்டும் நோயாளியே பாடம். 2003இல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா தொடங்கிய ‘எக்கோ’ திட்டம், தொலைதூர மருத்துவர்களைக் காணொளி வழியே வல்லுநரோடு இணைத்து, அவர்களின் நோயாளர்களையே விவாதப் பொருளாக்கியது. மலைப்பாதையில் மணிக்கணக்காகப் பயணம் செய்யவேண்டிய இடுக்கிக்கு இம்முறை பொருந்தாதா?

எனவே கோரிக்கைகள் நான்கு. தொடர்கல்வி பணிநேரத்துக்குள் நிகழவேண்டும். அந்நேரத்தில் புறநோயாளர் பிரிவைக் கவனிக்க மாற்று மருத்துவர் வேண்டும். மருத்துவரின் சொந்த நோயாளர்களே பாடமாக வேண்டும். எல்லைப் பகுதிகளில் நோயாளியின் மொழி பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். இவற்றைத் தராமல் யோகா வகுப்பும் சான்றிதழும் தருவோர், சோர்ந்தவரிடமே சோர்வின் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். மொழியியல் துறையினர் இதில் பேசாதிருந்தால் அப்பழியில் நமக்கும் பங்குண்டு.