ரேடியேட்டருக்கு என்ன தாகம்?

ஓசூரில் உத்தியோகம் பார்க்கும் தம்பியோ மருமகப் பிள்ளையோ உங்களுக்கு இருந்தால், நேயரே, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருப்பீர்கள். கோயிலுக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார். கம்பெனிக்காரன் 75 குதிரை சக்தி என்று கொடுத்த என்ஜினை, எல்லை தாண்டிப் பெங்களூர்ப் பட்டறையில் 'ரீமேப்' செய்து 100 ஆக்கிக்கொண்டு வந்திருப்பார். நல்லது. குதிரைகள் கூடிவிட்டன. புதிதாக வந்த இருபத்தைந்துக்கும் யார் தண்ணீர் காட்டுவது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

என்ஜினில் எரிகிற எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போய்விடுகிறது. மீதியில் பெரும் பகுதியைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்க வேண்டியது உள்ளே சுற்றுகிற தண்ணீரின் வேலை. முழு மூச்சில் ஓடும்போது 75-ஐ 100 ஆக்கினால், இந்தச் சுமையும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடும். ரேடியேட்டரோ பழைய ரேடியேட்டர்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர் சுமார். இந்த ஐம்பதில் சாலை ஏறத்தாழ 400 மீட்டர் மேலே ஏறுகிறது. சித்திரை வெயில், பின் ஸீட்டில் மாமியாரும் மூன்று மூட்டைகளும், ஏ.ஸி. முழு வேகத்தில், சூளகிரி அருகே லாரிகளின் வால் பிடித்து ஊர்வலம். சூடுமானியின் முள் சிவப்பைத் தொடுவது இப்படிப்பட்ட வேளையில்தான். தொட்ட பிறகும் 'ஊர் வந்துவிட்டது' என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் கோணிவிடும்; கேஸ்கட் போய்விடும். அப்புறம் வருகிற பில்லைப் பார்த்தால் இரண்டு மாதச் சம்பளம் ஆவியாகும்.

ஓசூருக்கே இந்தத் தண்ணீர்க் கவலை நடுவில் வந்ததுதான். 1980-ல் இந்த ஊரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தேவைப்படவில்லை. எதிர்க்காற்றே அதைக் குளிர்வித்தது. அதே கம்பெனி 2017-ல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310-க்கு ரேடியேட்டர் வைத்தாக வேண்டியிருந்தது. சின்ன என்ஜினிலிருந்து பெரிய சக்தியைக் கறக்க ஆசைப்பட்டால் காற்று மட்டும் போதாது.

சரி, என்ன ஊற்றுவது? கடையில் கேட்டால் பச்சை, சிவப்பு, நீலம் என்று புட்டிகளை அடுக்குவார்கள். பட்டறைகளில் இதற்குக் 'கூலண்ட் ஆயில்' என்று ஒரு பெயர். (எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது.) எதிலீன் கிளைகால் என்ற திரவமும் துருத்தடுப்பு மருந்துகளும்தான் அதில் முக்கியச் சரக்கு. அதைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலக்கச் சொல்வது உலக வழக்கம். இந்தப் 'பாதிக்குப் பாதி' குளிர் தேசத்துக் கணக்கு. அப்படிக் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி சென்டிகிரேட் வரை உறையாது. பெங்களூரில் பதிவான மிகக் கடுங்குளிரே 1884 ஜனவரியில் 7.8 டிகிரிதான். பக்கத்து ஓசூரில் ரேடியேட்டர் உறைந்துவிடும் என்று பயப்படுகிறவர், வீட்டு முற்றத்தில் பனிக்கரடி வரும் என்றும் பயப்படலாம்.

இங்கே ஒரு ரகசியம். குளிர்விக்கும் வேலையில் கிளைகாலைவிடத் தண்ணீரே கெட்டிக்காரன். பாதிக்குப் பாதி கலவையில் ஒரு லிட்டர் சுமக்கக்கூடிய சூடு, வெறும் தண்ணீரைவிடப் பத்தில் ஒரு பங்காவது குறைவு. உலோகத்திலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் சுறுசுறுப்பு அதைவிடவும் குறைவு. கொஞ்சம் கொழகொழப்பும் உண்டு. ஆகவே 'என்ஜின் சூடாகிறது, இன்னும் கொஞ்சம் கூலண்ட் ஊற்று' என்பது தலைகீழ் வைத்தியம்.

"கொதிநிலை உயருமே?" என்று கேட்பீர்கள். உயரும், ஆனால் கொஞ்சம்தான். பாதிக் கலவை, சாதாரணக் காற்றழுத்தத்தில் 107 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரைவிட ஏழு டிகிரி லாபம். உங்கள் வீட்டுக் குக்கர் இதைவிடப் பெரிய காரியத்தை வெறும் தண்ணீரைக் கொண்டே செய்கிறது. தலையில் ஒரு வெயிட்டை வைத்து ஆவியை அடக்கி, இருபது டிகிரி உயர்த்திவிடுகிறது. ரேடியேட்டர் மூடியும் அதே ஜாதி. பல கார்களில் அதன் அழுத்தம் ஏறக்குறையக் குக்கர் வெயிட்டின் அழுத்தமே. ஓசூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி இருந்தால் 118-ஐ எட்டும். மூடியின் ரப்பர் வெடித்துப்போயிருந்தால் உயர்ந்த ரகக் கூலண்டும் அந்த நஷ்டத்தை ஈடு கட்டாது. சில நூறு ரூபாய் மூடியை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் புட்டி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பாடத்தை ஆகாய விமானக்காரர்களும் படித்தார்கள். ஸ்பிட்பயர் யுத்த விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜினில் முதலில் தனிக் கிளைகாலையே ஓட்டினார்கள். அது 197 டிகிரி வரை கொதிக்காது. சூடாகவே ஓட்டலாம், ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் போதும் என்பது எண்ணம். பிறகு வந்த மெர்லின்களில் அழுத்தத்தைக் கூட்டி, தண்ணீர் 70 பங்கு, கிளைகால் 30 பங்கு என்று மாற்றினார்கள். என்ஜின் முன்னைவிடக் குளிர்ச்சியாக ஓடியது, ஆயுள் நீண்டது, கிளைகால் கசிந்து தீப்பிடிக்கும் அபாயமும் குறைந்தது.

நம் மருமகப் பிள்ளைக்கும் என் அபிப்பிராயம் அதையொட்டியதே. வண்டியில் கை வைக்காதவர்களுக்குக் கம்பெனிப் புத்தகம்தான் வேதவாக்கு. அவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். என்ஜினைக் கிளப்பிவிட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், இரண்டு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். துருத்தடுப்பு மருந்தின் வீரியம் குறைந்து, அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். ஆறு லிட்டர் பிடிக்கும் என்ஜினில் இப்போது பாதிக்குப் பாதி இருக்கிறதென்றால், இரண்டு லிட்டரை வடித்துவிட்டு இரண்டு லிட்டர் சுத்த நீர் விட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் புட்டியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். 'நேரே ஊற்றலாம்' என்று போட்டிருந்தால் அதில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்கு மேலும் தண்ணீர் விடுவது, பால்காரர் செய்த காரியத்தை வீட்டிலும் ஒரு முறை செய்வதாகும்.

சுத்த நீர் என்றேனே, அதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களும் எலும்புகளும் கெடுகின்றன என்றுதான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ரேடியேட்டருக்குப் பகை புளோரைடு அல்ல, போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே செதில் என்ஜினின் உட்சுவரிலும் படியும். அது இரும்புக்குக் கம்பளி போர்த்தியது மாதிரி. சூடு வெளியே வராது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் உப்பு நீக்கிய தண்ணீரே உத்தமம். நடுவழியில் தவித்தால் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், பாதகமில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி ஏதும் இல்லை. ஒரு கம்பெனியின் பச்சை, இன்னொன்றின் சிவப்பு. பழைய ரக மருந்தும் புதிய கரிம அமில ரக மருந்தும் ஒன்றாகக் கலந்தால், சில சமயம் கூழாகத் திரண்டு குழாய்களை அடைக்கும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன ரகத்தையே கேளுங்கள்.

இன்னொரு வழக்கம் பட்டறைகளில் உண்டு. சூடு என்றவுடன் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இது காய்ச்சலுக்குக் கதவைப் பெயர்ப்பது. அது இல்லாவிட்டால் காலைக் குளிரில் என்ஜின் சூடேறவே மாட்டாது. டீசல் வீணாகும், உள்ளே தேய்மானமும் கூடும். கலவையைத் திருத்தியும், மூடியை மாற்றியும், விசிறி ஒழுங்காகச் சுற்றியும் முள் ஏறுகிறதென்றால், பெரிய ரேடியேட்டர் போட வேண்டும். இல்லையேல் குதிரைகளில் பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். புட்டியில் அதற்கு மருந்தில்லை.

பந்தயத்துக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு. கிளைகால் தரையில் சிந்தினால் வழுக்கும், லேசில் காயாது. அதனால் பல பந்தயத் திடல்களில் அதற்கு இடமில்லை. தண்ணீரும் துருத்தடுப்பு மருந்தும் மட்டுமே. ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குச் சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. சூடான ரேடியேட்டர் மூடியை, ஈரத்துணி சுற்றியும் திறக்கவிடாதீர்கள். ஆவி இறங்காத குக்கரை நீங்கள் திறப்பீர்களா? அரை மணியாவது பொறுக்கட்டும். அடுத்தது, கிளைகால் இனிப்பானது. கொடிய விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கும். பார்வைக்கு ரோஸ்மில்க் சர்பத் மாதிரி இருக்கும். மிச்சத்தைப் பழைய சோடாப் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் பிள்ளையாண்டானுக்கு இருந்தால், இன்றைக்கே அதைப் பறிமுதல் செய்து, அசல் டப்பாவிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத பரணில் ஏற்றிவிடுங்கள். வாசலில் சிந்தியதைத் தெரு நாய் நக்குவதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.