பன்றித் தொழுவத்துக்கு இறுங்கு

கொட்டாஞ்சேனையில் கிறிஸ்மஸ் நெருங்கினால் பன்றி இறைச்சி விலைதான் பேச்சு. அந்த விலையைத் தீர்மானிப்பது இறைச்சிக் கடையல்ல, தீனி மூட்டை. பன்றி வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறது.

ஜா-எல, வென்னப்புவ, சிலாபம் பக்கத்துப் பண்ணைகளில் செலவைக் குறைக்கும் பழைய வழி ஹோட்டல் எச்சில் சோறு. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டில் உறுதியானபோது, அந்த வழியின் ஆபத்து வெளிச்சத்துக்கு வந்தது. சரியாகக் கொதிக்க வைக்காத கழிவில் இறைச்சித் துண்டோடு வைரசும் வரும், அதற்கு மருந்தில்லை. மாற்றுத் தீனியான சோளமோ 2018இல் படைப்புழுவிடம் அடிவாங்கியது.

இங்கேதான் இறுங்கு என்ற தானியத்தைக் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பன்றிகளுக்கு அது வழக்கமான தீனி. டானின் என்ற துவர்ப்புப் பொருள் குறைந்த இனமானால் சோளத்தின் தீனி மதிப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு கிடைக்கும். வளரும் பன்றிக்கும் கொழுக்க வைக்கும் பன்றிக்கும் சோளத்துக்குப் பதிலாகவே கொடுக்கலாம். மணி சிறியது, கடினமானது. முழுதாகப் போட்டால் சாணத்தோடு வெளியேறிவிடும். நன்றாக அரைக்க வேண்டும். லைசின் குறைவென்பதால் சோயாப் புண்ணாக்கும் தேவை. டானின் மிகுந்த இனத்தைக் குருவி அவ்வளவாகத் தொடாது, ஆனால் பன்றிக்கும் அதன் புரதம் சரியாகச் செரிக்காது.

படைப்புழு இறுங்கையும் தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனாலும் வறட்சியைச் சோளத்தைவிட நன்றாகத் தாங்கும். வவுனியா, மன்னார் விவசாயிகளுக்கு டானின் குறைந்த விதையும் நிச்சயமான கொள்வனவு விலையும் கொடுக்க விவசாயத் திணைக்களம் அடுத்த சிறுபோகத்துக்கு முன்பே முன்வர வேண்டும்.