சொல்லும் பொருளும்: ‘சர்மைஸ்’

ஆங்கிலத்தில் ‘சர்மைஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால் ‘ஊகித்தல்’ என்று ஒரே சொல்லில் பொருள் கூறிவிடும். ஆயினும், அச்சொல் பிறந்த வரலாற்றை அறிந்தோர் அதனை எண்ணிப் பார்த்தே கையாளுவர்.

இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியினின்று ஆங்கிலம் புகுந்தது. ‘சர்’ என்பதற்கு ‘மேலே’ என்பது பொருள். எஞ்சிய பகுதி, அனுப்புதல் எனப் பொருள்படும் ‘மித்தெரே’ என்னும் இலத்தீன் வினையின் வழி வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பும் நாம் நன்கறிந்த ‘ரெமிட்டன்ஸ்’ என்ற சொல்லும், ‘பெர்மிட்’ என்ற சொல்லும் இதற்கு உடன்பிறப்புகளே. ஆக, ஒருவர்மேல் ஒன்றைச் சுமத்துதல் என்பதே ‘சர்மைஸ்’ என்பதன் முதற்பொருள். சுமத்தப்பட்டது யாது? பழி! 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் குற்றஞ்சாட்டுதல் என்ற பொருளிலேயே இச்சொல் வழங்கிற்று. சான்றில்லாத குற்றச்சாட்டு வெறும் ஊகமே அன்றோ? நாளடைவில் குற்றச்சாட்டு என்ற பொருள் தேய்ந்து, ஊகம் என்ற பொருள் நிலைபெற்றது.

இன்றைய வழக்கில், சான்றே இன்றியும் சொல்லத்தக்கது ‘கெஸ்’. தக்க சான்றுகொண்டு முடிவு கட்டுவது ‘இன்ஃபர்’. அரைகுறைச் சான்றை வைத்துக்கொண்டு ‘இப்படித்தான் இருக்கும்’ என எண்ணுவது ‘சர்மைஸ்’.

பொருள் மாறினும் பிறவிக்குணம் போகவில்லை. பார்சல் அலுவலகம் ஒன்றில் ஒருமுறை ஒரு கட்டு குறைந்தது. ‘இறக்கும்போது தவறியிருக்கலாம் எனச் சர்மைஸ் செய்யப்படுகிறது’ என்று கோப்பில் ஒரு வரி எழுதப்பட்டது. எழுதியவர் எவரையும் குறிப்பிடவில்லை. ஆனால் அன்றிரவு கட்டுகளை இறக்கிய தொழிலாளியை அனைவரும் ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினர். நான்காம் நாள், இறக்கப்படாமலே அப்பால் சென்றுவிட்ட அக்கட்டு வேறொரு நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. கட்டு வந்து சேர்ந்ததென மறுவரி எழுதிக் கோப்பை மூடினர். அந்நான்கு நாளும் அவர் பட்ட துயரத்துக்கு எந்தக் கோப்பிலும் வரி இல்லை.

தமிழில் இதற்கு ‘உய்த்துணர்தல்’ என்றோர் அரிய சொல் உண்டு. நன்னூல் கூறும் 32 உத்திகளுள் ‘உய்த்துணர வைப்பு’ என்பதும் ஒன்று. உய்த்தல் என்றால் செலுத்துதல். வியப்பைப் பாருங்கள்! இலத்தீனும் தமிழும் ‘செலுத்துதல்’ என்ற ஒரே கருத்திலிருந்தே புறப்படுகின்றன. ஆனால் அங்கே செலுத்தப்படுவது பிறர்மேல் பழி. இங்கே செலுத்தப்படுவது பொருளின்மேல் நம் அறிவு.

தொலைவில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் வேண்டுவது. ஊரிலிருந்து தாய் அழைக்கிறாள். மகன் தொலைபேசியை எடுக்கவில்லை. இரவுப்பணியாக இருக்கலாம் என்று எண்ணுவது உய்த்துணர்தல். மருமகள்தான் தடுத்திருப்பாள் என்று எண்ணுவதோ, 15ஆம் நூற்றாண்டுச் ‘சர்மைஸ்’! மறுநாள் மகனே அழைத்துவிடுவான். ஆயினும் மருமகள்மேல் ஏறிய பழி அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை.

எனவே அன்பர்களே, ஊகிக்கும்போது பொருளை நோக்கி ஊகிப்போம். ஆளை நோக்கிச் செல்லும் ஊகத்தை, நேரில் கேட்டறியும் வரையேனும் நாவிற்குள் நிறுத்தி வைப்போம்.