காக்களூர் மேடையில் இல்லாத கருவி

2011 ஜூனில் பள்ளிகள் திறந்தபோது திருவள்ளூர் மாவட்டத்து ஆர்.கே.பேட்டையில் மட்டுமல்ல, தமிழகம் முழுக்கவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பையில் புதுப் புத்தகம் இல்லை. சமச்சீர்க் கல்வியா, பழைய பாடத்திட்டமா என்ற வழக்கு நீண்டுகொண்டே போனது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே புத்தகங்கள் வகுப்பறைக்கு வந்தன. பொதுத்தேர்வு எழுத வேண்டிய வருடத்தில் இரண்டு மாதம் போயே போய்விட்டது. எந்தக் கருவியும் அந்த வழக்கைத் தீர்த்திருக்காது. ஆனால் மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடர் இருந்திருந்தால், லாரிக்கும் கிடங்குக்கும் காத்திராமல், தீர்ப்பு வந்த வாரத்திலேயே பாடம் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்க முடியும்.

அடுத்த மாதமே, செப்டம்பர் 15 அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். நல்ல திட்டம். எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். ஆனால் 2012-இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. தறியை நம்பிய ஆர்.கே.பேட்டை போன்ற ஊரில் கரண்ட் போனால் விசைத்தறி நிற்கும், கூலி குறையும், லேப்டாப்பும் சற்று நேரத்தில் அணைந்துவிடும்.

கிண்டில் போன்ற இ-ரீடர் அந்த நாட்களுக்கென்றே செய்தது போன்ற கருவி. பெரும்பாலும் பக்கம் திருப்பும்போதுதான் மின்சாரம் செலவாகும் என்பதால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் தாங்கும். வெயிலிலும் எழுத்து காகிதம்போலத் தெளிவாகத் தெரியும். திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்குக் கூட்டமான பஸ்ஸில் நின்றபடி போகிறவருக்கு, கால் கிலோகூட இல்லாத ஒன்றில் நூற்றுக்கணக்கான நூல்கள்! பத்தாம் வகுப்புப் பையின் எடை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு சொன்னதோ 2018-இல்தான்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. 2009-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் கிண்டிலை வகுப்பில் சோதித்தபோது, ஓரத்தில் குறிப்பெழுதவும் பக்கங்களைப் புரட்டித் தேடவும் சிரமமாக இருப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். அரிசோனாவில் பார்வையற்றோர் வழக்கே தொடுத்தார்கள். அந்தக் கருவியின் மெனுவைக் காதால் கேட்டு இயக்க அப்போது வழியில்லாமல் இருந்தது. அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். அறிவியல் பாடத்தின் வண்ணப் படத்தை ஆறு அங்குலச் சாம்பல் திரையில் பார்ப்பதும் கஷ்டம்தான்.

ஆகவே இ-ரீடரைப் பாடநூலுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம், நூலகமாக நினைக்கலாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது 2010-இல், ஆர்.கே.பேட்டையிலிருந்து அங்கே போய்த் திரும்ப ஒரு நாளே போய்விடும். தமிழ் இலக்கியம் படிக்கும் நெசவாளி மகளுக்குச் சங்க நூல் தேவைப்பட்டால், மதுரைத் திட்டம் 1998 முதல் அதை இணையத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. 2017 முதல் தமிழ் மின்னூலகமும் இருக்கிறது. நூல்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை மணிக்கணக்கில் கண் நோகாமல் படிக்கும் கருவி மட்டும் அவள் கையில் இல்லை. செல்போனில் படிக்கிறாள், நடுவே பத்து அழைப்பும் நூறு செய்தியும் வருகின்றன.

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 தமிழக பட்ஜெட் அறிவித்தது. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கல்லூரி நூலகத்துக்கும் ஊர் நூலகத்துக்கும் பத்துப் பத்து இ-ரீடர் வாங்கி வைக்கலாம். புத்தகம்போலவே இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுக்கலாம். சார்ஜரைக்கூடக் கொடுத்தனுப்பத் தேவையிருக்காது.