கைதட்டினால் கடன் தீருமா?

2020 மார்ச் 22 மாலையில் நாடெங்கும் மக்கள் மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினர். மே 3 அன்று மருத்துவமனைகள் மீது விமானப்படை மலர் தூவியது. பாராட்டில் நாம் குறை வைக்கவில்லை. ஆனால் அப்பாராட்டுக்குரியோருள் பலர் இன்னும் கற்றுக்கொண்டிருந்த முதுநிலை மாணவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

முதுநிலை மருத்துவக் கல்வி மூன்றே ஆண்டுகள். அறுவைக் கலை ஏட்டில் வருவதன்று. மூத்தவர் அருகில் நின்று கண்டு, பின்னர் அவர் கண்காணிப்பில் பலமுறை தாமே செய்தால்தான் கை பழகும். பெருந்தொற்று வந்ததும் கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற அறுவைகள் தள்ளிவைக்கப்பட்டன. புறநோயாளர் பிரிவுகள் சுருங்கின. கண் மருத்துவமும் எலும்பு மருத்துவமும் பயில வந்தவர்கள், கவச உடையணிந்து கொரோனா வார்டுகளில் ஆக்சிஜன் அளவு பார்த்து நின்றனர்.

அன்றைய தேவை உண்மையானதே. அதை மறுப்பவர் மனிதரல்லர். ஆயின், அந்தத் தேவையின் சுமையை யார் தலையில் ஏற்றினோம்? 2021 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த முதுநிலை நுழைவுத் தேர்வு செப்டம்பர் 11 அன்றுதான் நடந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு மேலும் தள்ளிப்போய் 2022 ஜனவரி 12 அன்றுதான் தொடங்கியது. புதிய அணி வராததால் மூன்று அணிகளின் வேலை இரண்டு அணிகளின் தோளில் விழுந்தது. உறைவிட மருத்துவரின் தொடர்பணி பொதுவாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று நடுவணரசு 1992-இலேயே விதித்திருந்தது. அவ்விதி ஏட்டில் உறங்கியது. 2021 டிசம்பரில், கலந்தாய்வை விரைந்து நடத்துமாறு தில்லித் தெருக்களில் இறங்கியவர்களைத் தடுத்தது காவல்துறை. மலர் தூவிய நாடுதான் இது!

"நெருக்கடியில் கற்றதும் கல்விதானே?" என்பர் சிலர். ஆம், மூச்சுத் திணறுவோரைக் காக்கவும், சாவுச் செய்தியை உறவினரிடம் சொல்லவும் கற்றனர். அது பெரிய கல்வியே. ஆனால் கண்புரையை அகற்றவும் முறிந்த எலும்பைப் பொருத்தவும் அது கற்பிக்காது. தியாகம் என்பது ஒருவர் தாமே தருவது. கேளாமல் பறித்துக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது அநீதி.

இந்த இழப்பு மாணவரோடு முடிவதுமன்று. செல்வர் தமக்கு வேண்டிய கைதேர்ந்த மருத்துவரைத் தேடிக்கொள்வர். ஏழையோ அரசு மருத்துவமனையில் எவர் இருக்கிறாரோ அவரிடம்தான் தம் உடலை ஒப்படைக்கிறார். பழகாத கையின் விலையை அவரே கொடுக்க நேரும்.

எனவே நாம் கேட்பது இதுதான்: அடுத்த பெருந்தொற்றில் தொற்றுப் பணியைத் தனியார் மருத்துவமனைகளும் மூத்த மருத்துவர்களும் சமமாகப் பகிரவேண்டும். வாரத்தில் சில நாள்களேனும் மாணவர் தம் துறையிலேயே பயில வேண்டும். அப்படியும் பயிற்சி குறைந்தால், முழு ஊதியத்தோடு அதை நிறைவுசெய்யும் காலம் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். இவற்றை இப்போதே சட்டமாக்காமல், மீண்டும் ஒரு மாலையில் கைதட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?