கண்ணுக்குள் ஒரு திசைகாட்டி

ஐரோப்பாவில் ராபின் என்றொரு சிறு குருவி உண்டு. செம்மஞ்சள் மார்பும், ஏறத்தாழ 18 கிராம் எடையும் உடையது. கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டைகளில் பனியின் நடுவே அமர்ந்திருக்கும் குருவி இதுவே. ஆதலால் வாசகர்களுள் பலர் இதைப் படத்திலாவது கண்டிருப்பர். வடநாடுகளில் வாழும் ராபின்கள் குளிர்காலம் வருமுன் தெற்கு நோக்கிப் பெயர்கின்றன. இரவில் பறக்கின்றன, அதுவும் தனித்தனியே. அவ்வாண்டு பிறந்த குஞ்சும் தாய் தந்தையரின் துணையின்றியே புறப்படுகின்றது. அதற்கு வழி கூறுவது யார்?

பெயரும் பருவத்தில் கூண்டில் அடைக்கப்பட்ட ராபின், இரவில் அமைதியிழந்து, தான் செல்லவேண்டிய திசையை நோக்கியே மீண்டும் மீண்டும் தாவும். விண்மீன் எதுவும் தெரியாத மூடிய அறையிலும் அது அவ்வாறே தாவுவதை, ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் மெர்க்கல் என்பாரும் அவருடைய மாணவர் வொல்ப்காங் வில்ச்கோவும் கண்டனர். கூண்டைச் சுற்றிக் கம்பிச்சுருள் அமைத்து, மின்சாரம் செலுத்தி, காந்தப்புலத்தைத் திருப்பினர், குருவியும் திரும்பிற்று! 1965ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டபோது நம்பியவர் சிலரே.

1972இல் வில்ச்கோவும் அவர்தம் துணைவியார் ரோஸ்வித்தாவும் மற்றொரு விந்தையைக் கண்டறிந்தனர். மாலுமியின் திசைகாட்டி முள் வடக்கையும் தெற்கையும் பிரித்துக் காட்டும். ராபினோ காந்தக் கோடுகள் தரையோடு எவ்வாறு சாய்கின்றன என்பதை மட்டுமே உணர்கின்றது. கோடு கீழ்நோக்கிச் சாயும் பக்கம் துருவம், எதிர்ப்பக்கம் நிலநடுக்கோடு. ஜெர்மனியில் அக்கோடுகள் மிகச் சரிவாகத் தரைக்குள் பாய்கின்றன. நம் திருநெல்வேலிச் சீமையிலோ, காந்த நடுக்கோடு அண்மையில் செல்வதால், அவை ஏறக்குறையப் படுத்தே கிடக்கின்றன. அங்கு ஒரு ராபினைக் கொணர்ந்து விட்டால், பாவம், அதன் காந்த உணர்வுக்கு வடக்கும் தெற்கும் ஒன்றே!

இவ்வுணர்வு உடலில் எங்கே உறைகின்றது? கண்ணில் என்பதே இன்று பலர் கருத்து. செந்நிற ஒளியில் ராபின் திசை தடுமாறுகின்றது. நீல ஒளியில் தடுமாறுவதில்லை. அதன் விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதம், ஒளி பட்டதும் காந்தத்திற்கு இணங்க மாறுவதை 2021ஆம் ஆண்டில் சோதனைக்குழாயில் கண்டனர். உயிருள்ள குருவியின் கண்ணில் அவ்வாறே நிகழ்கின்றது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இதை மறைத்து எழுதுவோர் உளர்; அது முறையன்று.

ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது வேறு கதை. அங்கு ஹென்ரிக் மௌரிட்சன் குழுவினர் மரக்குடில்களில் ராபின்களை வைத்துச் சோதித்தனர். குருவிகள் எத்திசையும் அறியாது சுற்றிச் சுற்றித் தாவின. ஆண்டுகள் கடந்தன, பிழை எதுவென்று விளங்கவில்லை. இறுதியில் ஒருவர், குடிலின் சுவர்களை அலுமினியத் தகட்டால் மூடி, எர்த் கம்பி இணைக்கலாம் என்றார். பூமியின் காந்தத்தை அலுமினியம் தடுப்பதில்லை. மின்கருவிகளும் வானொலி நிலையங்களும் பரப்பும் மின்காந்த இரைச்சலை மட்டும், 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைத்தது. உடனே குருவிகள் திசை கண்டன. எர்த் கம்பியைக் கழற்றினால் மீண்டும் தடுமாறின. எக்குடிலில் கம்பி இணைந்திருந்தது என்பதைக் கீறல்களை எண்ணியவர்க்கும் தெரிவிக்காமலே, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்து, 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

கைத்தொலைபேசியைக் குற்றஞ்சாட்ட விரைய வேண்டா. அதன் அலைகள் இவ்வெல்லைக்கு மிக மேலானவை. நகருக்கு வெளியே கொண்டு சென்றபோது, தகடு ஏதுமின்றியே ராபின்கள் திசை கண்டன. நகரின்மேல் பறக்கும் இரவில் அவற்றுக்கு எஞ்சுபவை விண்மீன்களும் கதிரவன் மறைந்த திசையுமே. முகில் மூடினால் அவையும் இல்லை.